அந்தப் பையன் கம்பியில் சுற்றினால் உங்களுக்கு என்ன சார் சிரிப்பு?

"அம்மா சாகக் கிடக்கா, இவன் ஜிம்னாஸ்டிக்ஸ் காட்டுறான் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திரையிடல் இருட்டில், பின்வரிசையிலிருந்து வந்த குரல் இது. சொன்னவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்லவில்லை. ஹால் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். கேட்டது. சிரித்தார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

படம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்கிற ஜப்பானிய அனிமேஷன் படம். பார்த்தவர்களுக்கு எந்தக் காட்சி என்று இந்நேரம் புரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். அன்றைக்கு நிம்மதியாகப் பார்க்க விடவில்லை, இங்கேயாவது முழுதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

1945 ஜூன் மாதம். ஜப்பானின் கோபே நகரத்தின் மேல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போய்விட்டன. பள்ளிக்கூடம் ஒன்றுதான் ஆஸ்பத்திரி. பதினாலு வயது சேய்தா உள்ளே போய் அம்மாவைப் பார்க்கிறான். தலை முதல் இடுப்பு வரை கட்டு, கட்டெல்லாம் ரத்தம், மூச்சு மட்டும் வந்துபோகிறது. பார்த்துவிட்டு வெளியே வருகிறான். மைதானத்தில் நாலு வயதுத் தங்கை செட்சுகோ காத்திருக்கிறாள். அம்மாகிட்ட போகணும் என்கிறாள். நாளைக்குப் போகலாம் என்கிறான். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பிக்கிறாள். இவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் கம்பியில் நல்லா சுத்துவேன், பாரு என்று சொல்லிவிட்டு உடற்பயிற்சிக் கம்பியைப் பிடித்துச் சுற்றுகிறான். சுற்றிக்கொண்டே இருக்கிறான். தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் சுற்றுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது சுற்றுக்கு அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வாக்கியம். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா, "பாவம் அந்தப் பொண்ணு, இவன் கண்டுக்கவே மாட்டேங்கிறான்" என்றார். நாலாவதுக்கு யாரோ "எத்தன தடவதான்டா சுத்துவ" என்றார்கள். அதற்கும் சிரிப்பு. அந்தக் கலகலப்பில் எங்கோ ஒரு பிளாஸ்டிக் பை திறந்தது, முறுக்கு வாசனை வந்தது. காட்சி முடிந்துவிட்டது.

எத்தனை தடவை சுற்றுவான் என்றா கேட்கிறீர்கள்? நின்றால் அழுதுவிடுவான், அதனால் நிற்கவில்லை. அவன் அழுதால் அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வராது. கை சும்மா இருக்காது, உடம்பு சும்மா இருக்காது. அதற்கு ஒரு கம்பி கிடைத்தது. இதைக்கூடவா விளக்க வேண்டும்? நம் ஊரில் சாவு வீடு பார்க்காதவர் யாராவது அந்த ஹாலில் இருந்தார்களா?

என் பெரியம்மா மகன் ஒருவன் இருக்கிறான். பெரியப்பா இறந்த அன்று அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்ச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். தனியாக. அடிக்கிறான், பந்து திரும்பி வருகிறது, மறுபடி அடிக்கிறான். "அப்பன் பொணம் உள்ள கிடக்கு, இவன் மட்டையத் தூக்கிட்டுப் போறான் பாரு" என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அப்புறம் காதைப் பிடித்து இழுத்து வந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள். அழுதால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா". அழாவிட்டால் "நெஞ்சழுத்தம் பாரு". இப்போது அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரியப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவனுக்கு அதிகம் ஞாபகம் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதே வாக்கியத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை இருட்டில் கேட்டேன். மட்டைக்குப் பதில் கம்பி, அவ்வளவுதான்.

சரி, படம் ஓடும்போது பேசுகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு, விடுங்கள். அதற்கப்புறம் கலந்துரையாடல் என்று ஒன்று வைத்தார்களே, அதைச் சொல்லுங்கள். மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருவர்கூட அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. அம்மா செத்ததும் பிள்ளைகள் ஓர் அத்தை வீட்டில் போய் ஒண்டுகிறார்கள், அங்கே ஒத்துவராமல் வெளியேறுகிறார்கள். ஹாலில் பேசியதெல்லாம் பையன்மேல் குற்றப்பத்திரிகை. "திமிரு சார் அவனுக்கு. அத்தை ரெண்டு வார்த்த சொன்னா பொறுத்துக்க வேண்டியதுதானே?" "பேங்க்ல ஏழாயிரம் யென் இருந்துச்சுல்ல, அத வெச்சுப் பொழச்சிருக்கலாமே?" "வேலைக்குப் போகாம உக்காந்து தின்னா எந்த வீட்லதான் வெச்சுப்பாங்க?" கடைசியாக ஒருவர் எழுந்து, இந்தப் படம் பெரியவர்கள் பேச்சைக் கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு பாடம் என்றார். கைதட்டல்!

அந்த அத்தை பெரியவர்தான், ஒப்புக்கொள்கிறேன். இறந்துபோன அம்மாவின் கிமோனோக்களை விற்று அரிசி வாங்கச் சொன்னவர் அவர்தான். அதில் வந்த சோற்றைத் தன் மகளுக்கும் வீட்டில் தங்கியிருந்தவனுக்கும் போட்டுவிட்டு, இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சித் தண்ணீர் ஊற்றியவரும் அவரேதான். வேலைக்குப் போகவில்லையாம். பையன் வேலை செய்த ஆலை எரிந்துவிட்டது, பள்ளிக்கூடமும் எரிந்துவிட்டது, படத்திலேயே சொல்கிறான். ஏழாயிரம் யென்னாம். அரிசி ரேஷனில் கிடைக்கிற காலம், விவசாயியிடம் போனால் பணம் வேண்டாம், துணி இருக்கிறதா, பொருள் இருக்கிறதா என்று கேட்கிற காலம். பேங்கில் கடைசியாக இருந்த மூவாயிரத்தை எடுக்கப் போன இடத்தில்தான் ஜப்பான் சரணடைந்ததே அவனுக்குத் தெரிகிறது. அப்பா போன கப்பற்படை மொத்தமும் மூழ்கிவிட்டது என்பதும் அங்கேதான், யாரோ ஒரு கிழவர் போகிற போக்கில் சொல்லித் தெரிகிறது. அந்தப் பணத்தில் வாங்கியதுதான் தங்கை கடைசியாக வாயில் வாங்கும் தர்பூசணி. இந்தக் காட்சியெல்லாம் ஓடும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? மடியில் வெளிச்சம் தெரிந்ததே, அங்கேதானே?

பையன் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக் குகைக்குப் போனது தப்பான முடிவுதான். படத்தை எடுத்த இசாவோ தகஹதாவும் அதை மறைக்கவில்லை. ஆனால் பதினாலு வயதில், அம்மாவை எரித்த சாம்பலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதைத் தங்கைக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டு, அந்த வயதில் சரியான முடிவு எடுத்தவர் அந்த ஹாலில் எத்தனை பேர் என்று கேட்கிறேன். தகஹதாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1945 ஜூன் 29 அன்று, ஒகயாமா நகரம் எரிந்தது. அக்காவோடு அந்தத் தீக்குள் ஓடியவர் அவர். மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகாவுக்கு இன்னும் மோசம். ஒன்றரை வயதுகூட நிரம்பாத தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். அவளுக்குப் போகவேண்டிய சாப்பாட்டையும் தானே தின்றதாக ஒப்புக்கொண்டவர். தன்னால் காட்ட முடியாத அன்பை எல்லாம் கதையில் வரும் அண்ணனுக்குக் கொடுத்ததாகச் சொன்னவர். அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த குற்றவுணர்ச்சியைத்தான் இவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு விசாரித்தார்கள்.

என் வயிற்றைக் கலக்குவது வேறொன்று. படம் வெளிவந்த 1988லேயே ஒரு பத்திரிகைப் பேட்டியில் தகஹதா இதைச் சொல்லிவிட்டார். இன்றைக்கு எல்லோருக்கும் சேய்தாமேல் இரக்கம் வருகிறது, காலம் திரும்பினால் அந்த அத்தையைவிடக் கடுமையாக இவனைக் குற்றம் சொல்கிற நாள் வந்துவிடுமோ, நினைத்தால் பயமாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். வந்துவிட்டது. ஜப்பானிலேயே டிவியில் படம் போடும்போதெல்லாம் பையன்மேல் வசை விழுகிறதாம். அங்கே வந்தது நம் ஊர் ஹாலுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. எப்போது நாமெல்லாம் அந்த அத்தையாக மாறினோம்? யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் குழந்தைகள். கார்ட்டூன் என்று நம்பிப் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் படத்தை எடுத்த ஜிப்ளி ஸ்டூடியோ என்றால் அவர்களுடைய இன்னொரு படத்தில் வரும் குண்டு டோட்டோரோவும் பச்சைப் புல்வெளியும்தானே தெரியும். 2025இல் ஊரே கல்யாண போட்டோவை ஜிப்ளி ஸ்டைலில் மாற்றிக்கொண்டதே. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் டோட்டோரோவையும் இதையும் சேர்த்து ஒரே காட்சியாகத்தான் வெளியிட்டார்கள். போஸ்டரிலும் இரண்டு பிள்ளைகள், மின்மினிகள். இருட்டில் மேலே ஒரு பி-29 விமானம் மங்கலாகத் தெரிவதை உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே அழைத்து வந்தது தப்பில்லை. ஆனால் வந்த பிள்ளைகளை என்ன செய்தீர்கள்?

செட்சுகோ பசியில் விளையாட்டுக் கண்ணாடி வில்லையை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். அண்ணன் அதை எடுத்துவிடுகிறான். அவள் மண்ணில் உருட்டிய உருண்டைகளைச் சோறு என்று சொல்லி அவனுக்கு நீட்டுகிறாள், சாப்பிடு என்கிறாள். என் வரிசையில் ஒரு சின்னப் பெண், ஏழெட்டு வயது இருக்கும், "அந்தப் பாப்பா ஏம்ப்பா மண்ண சோறுங்குது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஹாலில் அன்று கேட்ட ஒரே நல்ல கேள்வி. அப்பா சொன்ன பதில்: "கம்முனு பாரு, படம்தானே." அவள் அழுதாள். "கார்ட்டூனுக்குப் போய் அழறியா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றார். நிஜமாகவே இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு மீதிப் படத்தையும் பார்த்தாள்.

படம் சொல்வதே அதைத்தானய்யா! அம்மா இறந்ததைத் தங்கையிடமிருந்து ஒளித்து ஒளித்துக் காப்பாற்றுகிறான் அண்ணன். அவளோ செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டிக்கொண்டே, அம்மாவும் குழிக்குள்தானே இருக்கிறாள், அத்தை சொன்னாங்க என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அத்தனை நாளும் தெரிந்து வைத்துக்கொண்டு அண்ணனுக்காகச் சும்மா இருந்திருக்கிறாள். அதுவரை அழாத பையன் அங்கேதான் உடைகிறான். இதைத் திரையில் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் "சும்மா இரு" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

நேர் எதிராக இன்னொரு கூட்டம். முன்வரிசையில் ஒரு தம்பி. தர்பூசணிக் காட்சி வரப்போவது தெரிந்து, முன்கூட்டியே போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் வந்தால் பதிவாகவேண்டுமாம். செட்சுகோ ஒரு துண்டை வாயில் வாங்கிக்கொண்டு அண்ணனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இவனுக்குக் கண்ணீர் வரவில்லை. கண்ணைக் கசக்கினான். அந்த வெளிச்சம் எங்கள் எல்லோர் கண்ணிலும் அடித்தது. அழாதவன் மனுஷனே இல்லை என்று எழுதிவைத்து, அழுகையைப் பந்தயமாக்கியவர்களின் வேலை இது. சிரிக்கிறவரையாவது ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம், அவருக்கு என்ன கூச்சமோ. இந்தத் தம்பியை என்ன செய்ய?

படம் பாதியில் "கடைசில தங்கச்சி பொழச்சுக்குமா?" என்று பக்கத்தில் விசாரித்தவரையும் விட்டுவிடக் கூடாது. படம் தொடங்கி முதல் நிமிடத்திலேயே தான் இறந்துபோன நாளைச் சேய்தாவே சொல்கிறான்: 1945 செப்டம்பர் 21, இரவு. சன்னோமியா ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி சாகிறான். ஊழியர் தூக்கி எறிந்த மிட்டாய் டப்பாவிலிருந்து தங்கையின் எலும்புத் துணுக்குகள் புல்லில் சிதறுகின்றன. இதற்குமேல் எப்படிச் சொல்வது?

கடைசியில் மைக்கை வாங்கிய ஒருவர், "அடுத்த மாசம் ஒரு ஃபீல் குட் படமா போடுங்க சார், இப்பிடி அழ வைக்காதீங்க" என்றார். அழுதவர் யார் என்று அந்தச் சின்னப் பெண்ணைத் தவிர எனக்கு ஒருவரும் தெரியவில்லை. நடத்துகிறவர்கள் உடனே தலையாட்டிவிட்டார்கள். பேர் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், என் வண்டிக்குக் குறுக்கே ஒரு கார். கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைக்கவில்லை. வாட்ச்மேனுக்கும் யார் வண்டி என்று தெரியவில்லை. ஹேண்ட் பிரேக் வேறு போட்டிருக்கிறது, தள்ளவும் முடியாது. முப்பது டூவீலர் நிற்கிற இடத்தில் அகலவாட்டில் காரைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஏசியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பொறுப்பு வேண்டும் என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாரய்யா அந்த மனுஷன்!