பெல்ட்டுக்குப் பின்பாட்டு

(மேசை மேல் முதுகு கழற்றிய டேப் ரெக்கார்டர். அக்கா கையில் போன், அதில் நாட்டுப்புறப் பாட்டு.)

தம்பி: அக்கா, இது நம்ம ஆளு இல்ல. எவனோ ஆள்மாறாட்டம் பண்றான்.

அக்கா: அதே ஆல்பம்டா. அட்டைப்படம்கூட அதேதான், பாரு.

தம்பி: நம்ம ஆளு பாடினா இடி இடிச்ச மாதிரி இருக்கும். இவன் சளி பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி கத்துறான்!

அக்கா: அவரு அன்னிக்கும் இப்படித்தான் பாடினாரு. நம்ம டேப் ரெக்கார்டர்ல சக்கரத்தைச் சுத்துற ரப்பர் பெல்ட் தொய்ஞ்சு கிடந்துச்சு. நாடா செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும். நம்மளுது அரைத் தூக்கத்துல ஓடுச்சு. மெதுவா ஓடினா குரல் கட்டையாத்தானே வரும்?

தம்பி: அப்போ அவரை மாதிரியே பாடணும்னு நான் அடித்தொண்டையில கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கிட்டது?

அக்கா: நீ அவருக்குப் பாடலடா. பெல்ட்டுக்குப் பின்பாட்டு பாடியிருக்க.

தம்பி: (சற்று நேரம் முறைத்துவிட்டு) சரி, மூணாவது பாட்டுக்கு நடுவுல அம்மா குரல் வருமே, அது எங்க?

அக்கா: போன்ல எப்படிடா வரும்? ரெக்கார்டு பட்டனை அமுக்கினது நீ.

தம்பி: ரெக்கார்டு ஆகக் கூடாதுன்னுதானே கேசட்டு முதுகுல அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைச்சு விப்பாங்க? அந்த ஓட்டையில செலோ டேப் ஒட்டினது யாரு?

அக்கா: பழசெல்லாம் இப்ப எதுக்கு.

தம்பி: அதுல அம்மா திட்டுறது உன்னைத்தான்.

அக்கா: என்னையா? சத்தியமா உன்னைத்தான்! இரு, கேட்டே பாத்துரலாம். இந்த டேப்புக்கு நேத்துதான் புது பெல்ட் மாட்டினேன்.

(கேசட்டை எடுக்கிறாள். நாடா குடல் மாதிரி வெளியே தொங்குகிறது. சக்கரத்தின் ஆறு பல்லுக்கு நடுவே பென்சிலைச் செருகி, தம்பி பயபக்தியோடு சுற்றுகிறான். கசங்கின இடத்தை அக்கா நகத்தால் நீவி விடுகிறாள்.)

தம்பி: போடு.

(பாட்டு ஓடுகிறது. அதே ஆட்டுக்குட்டி. தம்பி தலையில் கை வைத்துக்கொள்கிறான். திடீரென்று 'டக்'. பிறகு:)

டேப்: கீகீகீ கிக்கிக்கீ கீ!

தம்பி: என்னக்கா, அம்மா எலியாயிடுச்சு?

அக்கா: அம்மா குரல் பதிஞ்சது அந்தத் தொய்ஞ்ச பெல்ட்டுல. அதே டேப்புல கேட்டப்போ சரியா இருந்துச்சு. இது ஒழுங்கா ஓடுதில்ல, அதான் அம்மா மட்டும் பறக்குது.

தம்பி: ஒழுங்கா ஓடி என்ன புண்ணியம்? இப்ப யாரைத் திட்டுதுன்னே தெரியலையே.

அக்கா: பின்னாடி கனமா ஒரு சக்கரம் சுத்துது பாரு. அதை விரலால லேசா உரசு. பிடிச்சு நிறுத்திடாத.

(நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போடுகிறாள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைக்கிறான். ஆட்டுக்குட்டி மெல்ல இடியாகிறது.)

தம்பி: அக்கா! நம்ம ஆளு! வந்துட்டாருக்கா!

அக்கா: உஷ்!

('டக்'. அம்மாவின் குரல், அச்சு அசலாக:)

டேப்: டேய்! அதுக்குள்ள விரலை விடாத விடாதன்னு எத்தனை தடவைடா சொல்றது? எடு விரலை!

(தம்பி வெடுக்கென்று விரலை எடுக்கிறான்.)

டேப்: கீகீகீ!