ரீப்பரா, பூத் ஜொலோகியாவா? முதலில் தராசை எடுங்கள்

கரோலினா ரீப்பர், பூத் ஜொலோகியா என்ற இரண்டு மிளகாய்களில் எது அதிகக் காரம்? மிளகாய்க் குழுக்களில் மாதம் ஒருமுறை இந்தச் சண்டை வந்துவிடுகிறது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் எண்ணை வைத்து. "ரீப்பர் 22 லட்சம், பூத் ஜொலோகியா வெறும் 10 லட்சம்." இரண்டும் ஒரே வகை எண் இல்லை ஐயா. 22 லட்சம் என்பது ஏதோ ஒரு பழம் தொட்ட உச்சம். கின்னஸ் ஏற்றுக்கொண்ட ரீப்பர் சராசரி 16,41,183. பூத் ஜொலோகியாவுக்கு 2007-இல் கின்னஸ் கொடுத்தது 10,01,304. சராசரியைச் சராசரியோடுதான் வைக்க வேண்டும். 2023-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பட்டம் வாங்கிய பெப்பர் எக்ஸுக்கு 26,93,000. ஆனால் அதன் விதையை வெளியே விடவில்லை, அதனால் நம் சண்டைக்கு அது ஆகாது.

பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று. இந்த எண்களெல்லாம் காய்ந்த எடைக்கானவை. 1912-இல் இந்த அளவை உருவாக்கிய அமெரிக்க மருந்தாளர் ஸ்கோவில், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து, நாக்கில் காரம் தெரியாமல் போகும்வரை பார்த்தார். இப்போது கருவி, காரம் தரும் வேதிப்பொருளான காப்சைசின் வகைகளை அளக்கிறது. சுத்தமான காப்சைசின் 1.6 கோடி. அப்படியானால் ரீப்பரின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதுதான்! காயாத பச்சைப் பழத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், கடிக்கும்போது நாக்குக்கு வருவது அச்சிட்ட எண்ணில் பத்தில் ஒன்றுதான். அதுவே போதும் என்பது வேறு விஷயம்.

சமையலுக்கு வருவோம். குண்டூர் மிளகாய் சுமார் 40,000 என்று வைத்தால், காய்ந்த பூத் ஜொலோகியா 1 கிராமுக்கு ஈடு 25 கிராம் குண்டூர். 5 கிராம் எடையுள்ள ஒரு பச்சை ரீப்பர் காய்ந்தால் அரை கிராம். 20 கிராம் குண்டூருக்குச் சமம். ஒரு கிலோ குழம்புக்கு அந்த ஒரு பழமே அதிகம். இங்கே கரண்டிக் கணக்கு உதவாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

வீட்டில் ஒப்பிடுவதானால்: இரண்டு வகையையும் சொடுக்கினால் ஒடிகிற அளவுக்குக் காய வையுங்கள். ஒன்றில் ஈரம் நின்றால் அந்த ஒப்பீடே பொய். ஒவ்வொன்றிலும் 1 கிராம் பொடி, 99 கிராம் இளஞ்சூட்டு எண்ணெய். இரவு முழுக்க வைத்து வடிகட்டுங்கள். அதில் 10 கிராமை 90 கிராம் எண்ணெயில் கலந்தால் ஆயிரத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் இருக்கும் காரம் நாக்குக்குக் குறைவாகத் தெரியும், ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை எண்ணெயிலும் கரைத்தால் கதை கந்தல். ஒரு சொட்டை வெறும் சோற்றில் விட்டு, காரம் குறைந்ததை முதலில் சுவையுங்கள். அடுத்ததற்குக் கால் மணி நேரமாவது விடுங்கள். மரத்த நாக்கு எதையும் சாதுவாகவே காட்டும்.

ஒரே செடியின் பழங்களே ஒத்துப்போகாது. தண்ணீர் குறைந்த வாரத்தில் பழுத்தது ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி. அதனால் ஒரு பழத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். குறைந்தது பத்துப் பழத்தைச் சேர்த்துப் பொடியுங்கள்.

விதையை எடுத்தால் காரம் போய்விடும் என்பதும் தப்பு. காரம் ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். இந்த ராட்சத வகைகளில் தோலின் உட்புறத்திலும் காப்சைசின் பைகள் உண்டு, சுரண்டியும் பெரிய லாபமில்லை.

நைட்ரைல் கையுறை கட்டாயம். பொடித்ததும் மிக்ஸி மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு. வாய் எரிந்தால் தண்ணீர் வேண்டாம், கெட்டித் தயிர்.