வாடகை லேட்டானால் அபராதமாம்!

வாடகை 15,000. 5ஆம் தேதி தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம் என்று பதினோரு மாத அக்ரிமெண்டில் ஒரு வரி. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 243 சதவீதம். கந்துவட்டிக்காரனே கூச்சப்படுவான்!

சம்பளமே 7ஆம் தேதிதான் என்று வீடு பார்க்க வரும்போதே சொன்னால், தலையாட்டிவிட்டுக் கெடுவை 5 என்று டைப் அடிப்பது எந்த ஊர் நியாயம்? ஞாயிற்றுக்கிழமையா, பேங்க் லீவா, யுபிஐ சர்வர் படுத்துவிட்டதா, எதற்கும் விலக்கில்லை.

ஓனருக்கும் இஎம்ஐ இருக்கிறது, பவுன்ஸ் ஆனால் பேங்க் விடாது. சரி, அந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாமே! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை வெறும் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் 500 ரூபாய்க்காக எவன் கோர்ட் படி ஏறுவான்?

அட்வான்ஸ் கதை தனி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, கூடவே 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. அந்தச் சந்தில் பத்து மாத அட்வான்ஸ் ஜம்மென்று நுழைகிறது. ஒன்றரை லட்சத்துக்கு 6 சதவீதம் வைத்தாலும் வருஷம் 9,000. அந்த வட்டி யார் பையில்?

காலி செய்த ஒரு மாதத்தில் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் சட்டம்தான். 'பெயிண்ட் அடிக்கணும்', 'அடுத்த ஆள் வரட்டும்' என்று மூன்று மாதம் இழுத்தால் நாளுக்கு எவ்வளவு? மோட்டார் ஒரு வாரம் ஓடாவிட்டால் எவ்வளவு? அந்த வரிகளுக்கு மட்டும் ஸ்டாம்ப் பேப்பரில் இடம் பத்தாதா?