கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது அரசு அல்ல
"கலாக்ஷேத்ரா மத்திய அரசு தொடங்கிய பள்ளி, ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே நியமிக்கப்பட்ட தலைவர்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

1936இல் சென்னை அடையாற்றில் இந்த நடன, இசைப் பள்ளியைத் தொடங்கியவரே பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவிதான், கணவர் ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து. அப்போது நாட்டுக்குச் சுதந்திரமே வரவில்லை. மத்திய அரசு எங்கிருந்து வந்து பள்ளி தொடங்கும்? நடனத்தோடு அவர் நிற்கவுமில்லை. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற பெரிய வித்வான்களை அழைத்து வந்து இசை சொல்லிக்கொடுக்க வைத்தார். ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு வாசுதேவாச்சாரியார் இசையமைத்தது அங்கேதான்.

அரசுப் பொறுப்புக்கு வந்தது பிற்பாடு, கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம், 1993 வழியாக. ருக்மிணி தேவி மறைந்தது 1986இல். குழப்பம் இந்தச் சட்டத்தால் வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதல் வரியிலேயே, சென்னையில் ஏற்கெனவே இருக்கும் கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கும் சட்டம் என்பது தெரிந்துவிடும்.