நிலத்தடியில் இருப்பதும் வகுப்பறையில் இருப்பவர்களும்

'இந்தப் பூமி இத்தனை பேரைத் தாங்காது' என்கிறது ஒரு தரப்பு. 'பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், நாடு மூப்படைகிறது' என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு குரல்களும் இப்போது ஒரே நாளில், ஒரே திரையில் வந்து விழுகின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இரண்டுமே தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. எந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதே காலத்தில் அந்த நாட்டின் மண்ணும் நீரும் கனிமமும் என்னவாக மாறிக்கொண்டிருக்கின்றன என்பதை யாரும் கேட்பதில்லை.

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடி வரை போய், பிறகு மெல்ல இறங்கும் என்பது 2024-இல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பு. ஆனால் உலகச் சராசரியை வைத்து எந்த நாட்டையும் புரிந்துகொள்ள முடியாது. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை. தென் கொரியாவில் 2023-இல் அது 0.72. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் சுமார் ஆறு. இந்த இரண்டு நாடுகளுக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

நான் சொல்ல விரும்புவது இதுதான்: இளைஞர் பட்டாளமும் நிலத்தடி வளமும் ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு முறை வருகின்றன. பிறப்பு விகிதம் குறையத் தொடங்கியதும் சில பத்தாண்டுகளுக்கு உழைக்கும் வயதினர் மிகுதியாகவும், அவர்களை நம்பி இருக்கும் குழந்தைகளும் முதியவர்களும் குறைவாகவும் இருப்பார்கள். பிறகு அந்த இளைஞர்களே முதியவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தக் காலம் திரும்பாது. எண்ணெயும் தாதுவும் அப்படியே. எடுத்தால் எடுத்ததுதான். நிலத்தடி வளம் கரைவதற்குள் அதை அந்த இளைஞர்களின் படிப்பாகவும் உடல்நலமாகவும் தொழிலாகவும் மாற்றினார்களா என்பதில்தான் நாடுகளின் கதை பிரிகிறது.

தென் கொரியாவிடம் சொல்லிக்கொள்ளும்படியான கனிம வளம் இல்லை. 1960 வாக்கில் அங்கும் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள். அந்தப் பெரிய தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், தொழிற்சாலைகளுக்குத் தயார் செய்தார்கள். நைஜரிலோ 1970-களின் தொடக்கத்திலிருந்து யுரேனியம் தோண்டப்படுகிறது. அது பிரான்சின் அணு உலைகளை எரியவைத்தது. நைஜரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இன்றும் மின்சாரம் எட்டவில்லை. அங்கே மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த நாட்டின் வறுமைக்குக் காரணம் 'அதிகம் பெற்றுக்கொள்கிறார்கள்' என்று மட்டும் சொல்லி முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தோண்டி எடுத்தது எங்கே போனது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மக்கள் குறைவாக இருந்தால் வளம் போதும் என்பவர்கள் பசிபிக் கடலில் உள்ள நவ்ரு தீவைப் பார்க்கட்டும். 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12 ஆயிரம் பேர். அங்கிருந்த பாஸ்பேட்டை முதலில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் வயல்களுக்கு உரமாக அள்ளிப் போயின. 1968-இல் விடுதலை பெற்ற பின் நவ்ருவே விற்றது. 1970-களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. பாஸ்பேட் தீர்ந்தது. சேமித்து வைத்த நிதியும் மோசமான முதலீடுகளில் கரைந்தது. தீவின் பெரும்பகுதி இன்று எதுவும் பயிரிட முடியாத சுண்ணாம்புப் பாறை முட்கள்.

அதே போல் மக்கள் குறைந்த நார்வே வேறு வழியில் போனது. 1990-இல் சட்டம் இயற்றி எண்ணெய் வருமானத்துக்குத் தனி நிதியம் வைத்தது. ஆண்டுக்கு அதன் மதிப்பில் சுமார் மூன்று சதவீதம்தான் அரசு செலவுக்கு எடுக்கலாம் என்று தனக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்டது. இன்று உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள பங்குகளில் ஏறத்தாழ 1.5 சதவீதம் அந்த நிதியத்திடம் இருக்கிறது. தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் வருவாயைத் தீராத வேறு சொத்தாக மாற்றினால் அடுத்த தலைமுறையும் இழக்காது என்று கனடாவின் பொருளாதார அறிஞர் ஜான் ஹார்ட்விக் 1977-இல் வகுத்துச் சொன்னார். சொல்வது எளிது. கேட்கும் கைகள் ஆயிரம் இருக்கும்போது வைத்துக் காப்பதுதான் கடினம்.

எண்ணெயைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என்னை அதிகம் உலுக்கியது நீர். சவூதி அரேபியா 1980-களில் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது, ஏற்றுமதியும் செய்தது. அதற்குப் பாய்ச்சிய நீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பெய்த காலத்தில் நிலத்தின் ஆழத்தில் தங்கியது. இன்றைய மழையால் அது நிரம்பாது. உணவில் தன்னிறைவு என்று கொண்டாடப்பட்ட அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 2008-இல் அரசே அறிவித்தது. 2016-க்குள் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதல் நின்றது. இப்போது கோதுமையின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. போன நீர் போனதுதான். பெருகும் மக்களுக்குச் சோறு போட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் தொடங்கினார்கள் என்பதால்தான் இது எனக்கு வலிக்கிறது.

தானாகப் பெருகும் வளமும் பத்திரமில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நூற்றாண்டுகளாகப் பிடிபட்ட காட் மீன் 1992-இல் தடை போடும் அளவுக்கு அழிந்தது. அந்தக் கரையில் மக்கள் பெருகியதால் அல்ல, பிற நாடுகளின் ராட்சத விசைக்கப்பல்களும் பிறகு கனடாவின் சொந்தக் கப்பல்களும் வாரியதால். சராசரி அமெரிக்கர் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, நைஜரில் ஏறத்தாழ நூறு பேர் வெளியிடுவதற்குச் சமம். எனவே மக்கள்தொகையைக் குறை சொல்லும்போது யாருடைய மக்கள்தொகை என்று கேட்காமல் விடக்கூடாது.

கட்டாயப்படுத்திக் குறைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சீனா 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக்கு மேல் கூடாது என்று கோடிக்கணக்கானோரைத் தடுத்தது. 2021-இல் மூன்று வரை அனுமதித்தும் 2022 முதல் அதன் மக்கள்தொகை சரிகிறது. வங்கதேசமோ ஏழை நாடாக இருந்தபோதே, பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, கருத்தடை வசதியையும் தாய் சேய் நலத்தையும் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தது. ஏழுக்கு அருகில் இருந்த குழந்தை எண்ணிக்கை இரண்டு சொச்சத்துக்கு வந்தது. பெண்ணுக்குத் தெரிவு இருந்தால் போதும், மிரட்டல் தேவையில்லை.

மக்கள் குறைந்தால் சுமை குறையும் என்பதும் பாதி உண்மைதான். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. ஊரில் ஆள் பாதியானாலும் குடிநீர்க் குழாயின் நீளம் பாதியாவதில்லை. சாலையும் பாலமும் அப்படித்தான். எஞ்சியவர்கள் தலைக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். குடும்பங்கள் சிறுத்துத் தனி வீடுகள் பெருகினால் தலைக்கு ஆகும் மின்சாரமும் கூடுகிறது.

இத்தனைக்கும் அடியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. பரம்பரை நிலத்தை விற்று வந்த பணத்தைச் சம்பளம் என்று எழுதிக்கொள்வது போல, சுரங்கத்தைக் காலி செய்து வந்த பணத்தை நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வருமானமாகவே சேர்த்து வந்தன. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் தீர்வதை உற்பத்திச் செலவாக எழுதச் சொல்கிறது. அந்தச் செலவைக் கழித்த நிகர உற்பத்தியை முன்னிறுத்தவும் சொல்கிறது. நாடுகள் இதற்கு மாறச் சில ஆண்டுகள் ஆகும். மாறும்போது பல நாடுகளின் நிகர உற்பத்தி எண் சுருங்கும். அப்போது அந்த எண்ணை மறைக்காமல் வெளியிடும் அரசுகளிடம், அதன் பக்கத்திலேயே இன்னொரு வரியையும் கேட்போம்: அந்த ஆண்டு எடுத்து விற்ற வளத்தில் எவ்வளவு, 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தது என்று.