அந்த கிரண்டிக்கை ஓட விட்டிருக்கலாம்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். கிரண்டிக் என்ற ஜெர்மன் கம்பெனியின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரின் உள்ளே இருந்ததையெல்லாம் ஒருவர் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் செருகி, 'பழசுக்குப் புது உயிர்' என்கிறார். அது உயிரோடுதான் இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

'அவர் காசு, அவர் பொருள்' என்பீர்கள். சரி, சட்டப்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் எதைப் பிடுங்கினார் என்று தெரிய வேண்டாமா? டேப்பில் ஒலியைப் பதிகிற, படிக்கிற பாகம்தான் ஹெட். ஆரம்பகால ஹெட்டுகளின் கூரான முனை காகித டேப்பைக் கிழித்துவிடும். ஏஇஜி என்ற ஜெர்மன் மின்கருவிக் கம்பெனியில் எடுவார்ட் ஷூலர் அதை வளையமாக மாற்றினார். வளையத்தில் மயிரிழை அளவு ஓர் இடைவெளி, அங்கே மட்டும் காந்தப்புலம் வெளியே எட்டிப்பார்க்கும். 1935ல் பெர்லின் வானொலிக் கண்காட்சிக்கு வந்த மேக்னட்டோஃபோன் என்ற ஏஇஜி டேப் ரெக்கார்டரில் இருந்தது அந்த வளையம்தான். 1940ல் ஜெர்மன் வானொலியின் வால்டர் வேபர், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் அலையையும் ஒலியோடு சேர்த்துப் பதிந்தால் இரைச்சல் அடங்கிவிடுவதைக் கண்டுபிடித்தார். நேற்று குப்பைக்குப் போன ஹெட்டும், அந்த உயர் அதிர்வெண் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரும் அந்த வழியில் வந்தவை.

'மேக்னட்டோஃபோன் நாஜிகளின் பிரச்சாரத்துக்கு உழைத்த கருவிதானே' என்று ஒருவர் கேட்டார். ஆமாம், உழைத்தது. அதை மறைக்க மாட்டேன். அதற்காகப் போருக்குப் பிந்தைய வீட்டு மெஷினின் குடலை உருவ வேண்டுமா?

'பார்ட்ஸ் கிடைக்காது' என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் இங்கே ஜெர்மனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 15 யூரோவுக்கு இதே மாதிரி பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். பெல்ட் உருகித் தாராகிப் புல்லியில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் சாயங்காலம் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், விரல் நகமெல்லாம் கறுப்பு. புது பெல்ட் தபாலில் வந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒலி அளவைக் காட்டும் அந்தப் பச்சைக் கண் விளக்கு மெல்ல விழித்தது பாருங்கள்!

அதில் யாரோ விட்டுப்போன டேப் ஒன்று இருந்தது. ஒரு குழந்தை ஜெர்மனில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, ஏழுக்கு அப்புறம் ஒன்பது என்றது. பின்னால் ஒரு பெண் சிரித்தாள். பேரோ தேதியோ எதுவும் இல்லை. அன்று இரவு நான்கு முறை கேட்டேன்.

அந்த வீடியோவில் ஸ்பூலில் பாதி டேப் இருந்தது, கவனித்தீர்களா? ஸ்பூல் அழகுக்கு வேண்டும் என்று டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கூடையில் போட்டார். போடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிக் கேட்டிருக்கலாம்.