பவுலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

பிரசங்கியார் அண்ணன் கன்வென்ஷன் கூட்டத்தில் ஜனங்களிடம் வண்டி கேட்கிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுசாகப் பார்த்தாயிற்று. கன்வென்ஷன் மேடையில் அண்ணன் கேட்ட வண்டியின் விலை பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். ஆனால் "பவுல் இன்னைக்கு இருந்திருந்தா பஸ்ஸிலயா போவாரு?" என்று கேட்டாரே, கீழே வரிசையாக ஆமென் விழுந்ததே, அங்கேதான் எரிந்தது.

இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன அப்போஸ்தலன் பவுல் இன்றைக்கு எதில் போவார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எப்படிப் போனார் என்பது பைபிளில் எழுதியே இருக்கிறது. லீஸ்திராவில் கல்லெறிந்து, செத்துவிட்டான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்து அதே ஊருக்குள் போனார், மறுநாள் தெர்பைக்குக் கிளம்பினார். ஐந்து தடவை சவுக்கடி, மூன்று தடவை மிலாறடி, அதாவது பிரம்படி, மூன்று தடவை கப்பற்சேதம் என்று கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அவரே கணக்குச் சொல்கிறார். மெலித்தா தீவில் கப்பல் உடைந்தது அதற்கும் பிறகு! இவ்வளவு பட்ட மனுஷனை ஏசி வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வைக்கிறீர்கள்.

அவர் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர், ஐயா. கொரிந்துவில் ஒன்றரை வருஷம். அங்கே எந்த அதிபதிக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களோ, அந்தக் கல்லியோனின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அது கி.பி. 51-52 வாக்கில் என்கிறார்கள். அந்த ஊரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து அதே தொழிலைச் செய்தார். ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று இராப்பகலாக வேலை செய்தோம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது தன் கைகளைத்தான் காட்டினார்.

என் அம்மா தையல்காரர். கிறிஸ்துமஸ் சீசனில் ஆர்டர் குவியும், உபவாச ஜெபத்துக்குப் போக முடியாது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஒரு வார்த்தை விழுந்தது: "சிலருக்குத் தையல் மெஷின்தான் தேவன்." உலக வேலையாம். அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மெஷின் சம்பாதித்ததில் பத்தில் ஒரு பங்காகக் கொடுத்த தசமபாகம் மட்டும் உலகத்தில் சேராது போல. கவர் ஒழுங்காக உள்ளே போனது. கூடாரத் துணியைத் தைத்தவனும் உலக வேலைக்காரன்தானே? அவனுடைய நிருபத்தை எதற்கு வாசிக்கிறீர்கள்?

"பவுலும்தான் பிலிப்பியரிடம் பணம் வாங்கினார்" என்று வருவீர்கள். வாங்கினார், நன்றியும் எழுதினார். ஊழியக்காரன் பிழைப்புக்கு வாங்கலாம் என்று ஓர் அதிகாரம் முழுக்க வாதாடியவரும் அவர்தான். ஆனால் அதே மூச்சில், அந்த உரிமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். உங்கள் பிரசங்கம் எப்போதும் அதற்கு முந்தின வசனத்தில் முடிந்துவிடுகிறது. எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைக்கூட அவர் தனியாகச் சுமக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாதென்று. இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். எந்த கன்வென்ஷனிலாவது அதை எடுத்துப் பிரசங்கித்து யாராவது கேட்டிருக்கிறீர்களா?

அடுத்தது "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே." இயேசுவின் முதன்மைச் சீஷன் பேதுருவைவிட அபிஷேகம் பெற்றவரா அண்ணன்? அந்தியோகியாவில் அந்தப் பேதுருவையே எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டார் பவுல். கேட்டதோடு நிற்காமல் கலாத்தியருக்கு எழுதியும் வைத்தார். வீட்டு விஷயத்தை வெளியில் பேசலாமா என்கிறவர்கள் முதலில் அவரைக் கண்டியுங்கள். "வேற மதத்துக்காரன் சிரிப்பான்" என்பதற்குப் பதில் இல்லை. சிரிக்கட்டும்.

அம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். கட்டட நிதிக் கணக்கு எப்போது வாசிப்பீர்கள் என்று சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். என்ன பதில் வந்தது தெரியுமா? "பெண்கள் சபையில் பேசாமலிருக்கணும்னு பவுல் சொல்லியிருக்காரும்மா." பாருங்கள், அங்கேயும் பவுல்! வண்டி வேண்டுமென்றாலும் பவுல், விதவையான என் அம்மாவை உட்கார வைக்க வேண்டுமென்றாலும் பவுல். அப்பொல்லோவைப் போன்ற பேச்சாளனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் சொன்னவர்களில் ஒருத்தி, கூடாரம் தைத்த அதே பிரிஸ்கில்லா. அவளும் புருஷனும் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தார்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளுக்கு வேண்டிய உதவியைச் செய்யுங்கள் என்றும் அங்கேயே சொல்கிறார். இவர்களை எல்லாம் உட்காரும்மா என்றா சொன்னார்?

கமெண்டில் வசனம் போட வருகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், அழிக்க மாட்டேன். போடுகிறபோது அந்த இரண்டாம் கொரிந்தியர் எட்டு, இருபதையும் சேர்த்துப் போடுங்கள். என் அம்மாவுக்கு இன்னும் கணக்கு வாசிக்கப்படவில்லை.